பூட்டுக்கு ஒரு மெத்தை

மெத்தைக் கடையில் பிறந்தவனுக்குப் பஞ்சு ஆகாது என்றால் ஊர் சிரிக்கத்தான் செய்யும். சிரித்தது. மூட்டையின் வாயை அவிழ்த்த உடனே தும்மத் தொடங்குவான். மெத்தையைத் தைத்துச் சுருட்டி ஓரமாகச் சாய்த்து வைக்கும்வரை ஓயமாட்டான். அதனால் தெரு முழுக்க அவனுக்குத் தும்மல் என்றே பெயர். பள்ளிக்கூடத்தில் வேறு ஏதோ பெயர் கொடுத்திருந்தார்கள். வாத்தியார் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரோ புதுப் பையன் வந்திருக்கிறான் போல என்று அவனே திரும்பிப் பார்ப்பான்.

கீழே கடை, மேலே வீடு. அப்பா பஞ்சை அடித்துப் பதமாக்குவார். அம்மா மிஷினில் உறை தைப்பார். அக்கா உறைக்குள் பாதி உடம்பை நுழைத்து மூலை மூலையாகப் பஞ்சைத் திணிப்பாள். கடைசி வேலை தும்மலுக்கு. திணித்த மெத்தையை இரண்டு பெஞ்சுகளுக்கு நடுவே கிடத்துவார்கள். அவன் அடியில் மல்லாந்து படுத்துக்கொள்ள வேண்டும். அப்பா மேலேயிருந்து முழ நீள ஊசியைக் குத்துவார். ஊசி கீழே எங்கே வந்து எட்டிப் பார்க்கிறதோ அங்கே அதைப் பிடித்துத் திருப்பி மேலே அனுப்ப வேண்டும். நூல் இறுகி, மெத்தையில் ஒரு குழி விழும். அவ்வளவுதான் வேலை. கண் மட்டும் விழித்திருந்தால் போதும்.

அந்த ஒன்றுதான் அவனிடம் இல்லை. பதினைந்து வயதில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே எங்கெங்கோ போய்விட்டு வருவான். அடியில் படுத்திருக்கும்போது அது மெத்தை இல்லை, கால்பந்து மைதானத்து வானம். மேலேயிருந்து வருவது ஊசி இல்லை, பந்து. இடது மூலையா, வலது மூலையா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது ஊசி நடுவிலே வந்து மூக்கில் குத்தும்.

"டேய், ஊசி எங்கடா?"

"புடிச்சிட்டேம்பா."

"எதால புடிச்ச?"

"மூக்கால."

"நல்லாப் புடிச்ச. மேல அனுப்பு."

இத்தனைக்கும் காரணம் ஒரே ஆள். துறைமுகத்து அணியின் கோல்கீப்பர். பகலில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், சாயங்காலம் கோல் கம்பங்களுக்கு நடுவே நிற்பார். அவர் நின்றால் கதவைச் சாத்திப் பூட்டுப் போட்ட மாதிரி என்பதால் எல்லோரும் அவரைப் பூட்டு என்றார்கள். தும்மல் ஒரு ஆட்டம் விடமாட்டான். ஆனால் அவன் கையில் இருக்கும் காசுக்குக் கிடைப்பது கடைசி மேடையின் கடைசிப் படிதான். அங்கிருந்து பார்த்தால் பூட்டு கட்டை விரல் அளவுக்குத் தெரிவார். தூரத்தில் சின்னதாகத் தெரிந்ததையெல்லாம் அவன் வீட்டுக்கு வந்து படுத்தபடியே பெரிசாக்கிக் கொண்டான். படுக்கைக்கு மேலே பத்திரிகையில் வெட்டிய படம் ஒன்று ஒட்டியிருந்தது. அதில் பூட்டு தரைக்கும் வானத்துக்கும் நடுவே குறுக்காக நீண்டு கிடப்பார். தொப்பி புருவம் வரை இறங்கியிருக்கும். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் கறை. கைகள் மட்டும் படத்தை விட்டே வெளியே போய்விடும்.

தும்மலுக்குப் பிடித்த கனவு இதுதான். பெரிய ஆட்டம். பூட்டின் விரலில் அடி. மாற்று கீப்பருக்கு வயிற்று வலி. மைக்கில் அறிவிப்பு வருகிறது: கூட்டத்தில் யாராவது கோல்கீப்பர் இருந்தால் உடனே மைதானத்துக்கு வரவும். கடைசிப் படியில் ஒருவன் எழுந்து நிற்கிறான். கூட்டம் வழி விடுகிறது. பூட்டே தன் கையுறைகளைக் கழற்றி அவன் கையில் மாட்டிவிடுகிறார். அப்புறம் அவன் பாய்கிற பாய்ச்சல் இருக்கிறதே, அதைச் சொல்ல வாய் போதாது. சட்டையில் குத்திய ஊசியைக்கூட எடுக்காமல் அப்பா ஓடி வந்து, உன்னைப் போய் மெத்தைக்கு அடியில் படுக்க வைத்தேனே என்று அழுவார். அந்தக் கனவில் அவன் ஒரு தடவைகூடத் தும்மியதில்லை.

துறைமுகத்து அணிக்குச் சின்னப் பையன்கள் அணி ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பூட்டே ஆள் பொறுக்குவார். ஆனால் யார் வேண்டுமானாலும் போய் நின்றுவிட முடியாது. துறைமுகத்துக்காரர் யாராவது, இவன் நம்ம பையன் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தும்மலுக்காக அந்த ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்லை. அது இல்லாமல் தன் வாழ்க்கை முழுக்க ஊசியின் கீழேயே கழிந்துவிடும் என்று அவன் உறுதியாக நம்பினான்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் துறைமுகத்து ஆள் ஒருவர் கடை வாசலில் வந்து நின்றார்.

"பூட்டுக்கு ஒரு மெத்தை வேணும். முதுகு வலின்னு டாக்டர் பழச தூக்கிப் போடச் சொல்லிட்டாரு. நல்ல பஞ்சாப் போட்டு, கெட்டியா செஞ்சு குடுங்க."

"பூட்டுக்கு எதுக்கு மெத்த?" என்றார் அப்பா. அவர் வாழ்நாளில் கால்பந்து பார்த்ததில்லை.

பெஞ்சுகளுக்கு அடியிலிருந்து தும்மல் எழுந்தான். எழுந்த வேகத்தில் மண்டை மெத்தையில் இடித்து, மெத்தை அக்காவின் மேல் சாய்ந்தது. அளவெடுக்கத் தானே போவதாகச் சொன்னான். அவனாகக் கேட்டு ஒரு வேலைக்குப் போவதை அம்மா அன்றுதான் பார்த்தார். காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

அந்தக் கடையில் அளவுக்கு டேப் கிடையாது. ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு கயிறு. கட்டிலின் நீளத்துக்கு ஒரு முடிச்சு, அகலத்துக்கு ஒரு முடிச்சு. மெத்தை வண்டி ஏறும்வரை கயிறு ஆணியில் தொங்கும். "நம்பர எழுதினா தப்பா எழுதலாம். கயிறு கட்டில நேராத் தொட்டுட்டு வருது" என்பார் அப்பா. முப்பது வருஷத்தில் ஒரு மெத்தைகூடத் திரும்பி வந்ததில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

தும்மல் குளித்து, தலை வாரி, ஒட்டுப் போடாத கால்சட்டையாகத் தேடிப் போட்டுக்கொண்டு புறப்பட்டான். வழி நெடுக ஒரே வரியைச் சொல்லிப் பார்த்துக்கொண்டான்: வணக்கம் அண்ணே, நானும் கீப்பர்தான்.

டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. படிக்கட்டு குறுகல், நடுவில் ஒரு திருப்பம். கதவு திறந்திருந்தது. உள்ளே பனியன் போட்ட ஒரு ஆள் தரையில் உட்கார்ந்து வாளியில் காலுறை துவைத்துக்கொண்டிருந்தார். மூக்கில் கண்ணாடி, வாயில் முன்பல் இல்லை, உச்சியில் முடியும் அவ்வளவாக இல்லை. அந்த ஆள்தான் பூட்டு. பல் போனது ஒரு ஆட்டத்தில் எதிரணிக்காரன் காலால். வெளியே போகும்போது கட்டுப்பல்லை மாட்டிக்கொள்வார். துறைமுகத்தில் பூனைக்குக்கூட இது தெரியும். தும்மலுக்குத் தெரியாது.

"யாரு வேணும்?" என்றார் அந்த ஆள்.

"மெத்தக் கடையில இருந்து வர்றேன். அண்ணன் இல்லையா?"

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். பையன் தன் தலைக்கு மேலாக உள் அறையை எட்டி எட்டிப் பார்ப்பதைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார். கண்ணாடிக்குப் பின்னால் ஏதோ ஒன்று மினுக்கியது.

"நீ அவரப் பாத்திருக்கியா?"

"பாக்காம? ஒரு மேட்ச் விட்டதில்ல."

"ஆளு எப்படி இருப்பாரு?"

"உங்கள மாதிரி ரெண்டு பேர ஒருத்தர் தோள்ல ஒருத்தர நிக்க வச்சா எப்படி இருக்கும்? அப்படி."

"அப்படியா? சரி, கட்டில் அந்தப் பக்கம் இருக்கு. அளந்துக்க."

தும்மல் உள்ளே போனான். சாதாரண இரும்புக் கட்டில். மெத்தையின் நடுவில் ஒரு ஆள் உட்கார்ந்த மாதிரி குழி. அப்பா சொல்லிக் கொடுத்தபடி கயிற்றைத் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு இழுத்து ஒரு முடிச்சு, குறுக்கே இழுத்து ஒரு முடிச்சு. எல்லாம் சரியாகத்தான் செய்தான். பிறகுதான் சந்தேகம் வந்தது.

"இதுல யாரு படுக்கறது?"

"நான்தான்."

தும்மல் கயிற்றோடு திரும்பி அவரை முறைத்தான். "அண்ணன் கட்டில்ல நீங்க ஏறிப் படுத்தா நடுவுல குழி விழாம என்ன பண்ணும்? அதான் அவருக்கு முதுகு வலி."

"தெரியாமப் படுத்துட்டேன் தம்பி."

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"கூடவேதான் இருக்கேன். துணி தொவைக்கிறது, சமைக்கிறது, எல்லாம் நான்தான்."

"குடுத்து வச்சவரு" என்றான் தும்மல் மனசார. பிறகு குரலைத் தாழ்த்தி, "அவருகிட்ட ஒண்ணு சொல்றீங்களா? மெத்தக் கடைப் பையனும் கீப்பர்தான்னு" என்றான்.

"காதுல போட்டு வைக்கிறேன்" என்றார் அவர், காலுறையைப் பிழிந்தபடி.

திரும்பி வரும் வழியில் தும்மலின் கால் நகரவில்லை. கயிற்றை விரித்து விரித்துப் பார்த்தான். இந்த நீளத்தில் பூட்டு அண்ணனின் முழங்கால்வரை அடங்கினால் பெரிசு. காலை மடக்கிக்கொண்டு படுத்துப் படுத்துத்தான் முதுகு போயிருக்கிறது. டாக்டருக்கும் தெரியவில்லை, கூட இருக்கிற பொக்கை வாய்க்காரருக்கும் தெரியவில்லை. தனக்குத்தான் தெரிந்திருக்கிறது. இந்த மெத்தையில் படுத்து முதன்முதலாகக் காலை நீட்டிய அடுத்த நிமிஷம், யார் இந்த அளவு எடுத்தது, கூப்பிடு அந்தப் பையனை என்று சொல்லமாட்டாரா?

குழாயடிக்குப் பக்கத்தில் நீளமான ஒரு குட்டிச்சுவர். அதன் மேல் மல்லாந்து படுத்தான். கையைத் தலைக்கு மேலே நீட்டினான். பூட்டு என்றால் இதற்கு மேலே ஒரு முழம். தூக்கத்தில் பந்து வந்தால் பாய்வாரே, அதற்கு ஒரு சாண். தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு இவனையே பார்த்தார்கள். அவன் எழுந்து, கட்டிலில் போட்ட நீள முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தான். தள்ளி, வெகு தூரம் தள்ளி, புது முடிச்சைப் போட்டான்.

கயிற்றைக் கையில் வாங்கிய அப்பா அதைக் கடையின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை பிடித்துப் பார்த்தார்.

"கட்டிலா கப்பலாடா இது?"

"ஆளு அவ்ளோ உசரம்பா."

"இவ்ளோ உசரமா இருந்தா கோல் கம்பத்துல தல இடிக்காதா?" என்றாள் அக்கா.

"குனிஞ்சு நிப்பாரு" என்றான் தும்மல். அந்த நேரத்தில் அது அவனுக்குச் சரியாகத்தான் பட்டது.

அப்பாவுக்குக் கால்பந்து தெரியாது, கயிறு தெரியும். கயிறு சொன்னால் சரிதான். வைத்திருந்ததிலேயே வெள்ளையான பஞ்சை எடுத்தார். அம்மா துணி போதாமல் உறைக்கு ஒட்டுப் போட்டார். அக்கா உறைக்குள் முழுசாக நுழைந்து, வழி தெரியாமல் உள்ளேயிருந்து கூப்பிட்டாள். இரண்டு பெஞ்சு போதாமல் பக்கத்துத் தையல் கடைப் பெஞ்சையும் கேட்டு வாங்கினார்கள். தும்மல் அடியில் படுத்து, ஒரு ஊசியைக்கூட விடாமல் பிடித்தான். மூக்கால் பிடிக்கவில்லை, கையால் பிடித்தான். அவன் அத்தனை கருத்தாக வேலை செய்தது அந்த ஒரு மெத்தைக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் மெத்தையைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். முன்னே ஒரு ஆள் நீளம் நீட்டிக்கொண்டு நின்றது, பின்னே ஒரு ஆள் நீளம் தொங்கியது. அப்பா இழுக்க, அக்காவும் தும்மலும் பின்னால் தாங்கிக்கொண்டு போனார்கள். யானைக்கா என்று கேட்காதவர் அந்த வழியில் யாரும் இல்லை. தும்மல் மெத்தையைத் தாங்கியபடி தலையை நிமிர்த்திக்கொண்டான். விஷயம் தெரியாதவர்கள் கேட்கத்தான் செய்வார்கள் என்று பெருந்தன்மையாக நடந்தான்.

படிக்கட்டுத் திருப்பத்தில் மெத்தை மாட்டிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. அப்பா மேலே, அக்கா கீழே, நடுவில் மெத்தைக்கும் சுவருக்கும் இடையே தும்மல் தும்மிக்கொண்டிருந்தான். சத்தம் கேட்டு இரண்டாவது மாடிக் கதவு திறந்தது. பயிற்சி முடிந்து அப்போதுதான் வந்திருந்தவர் வெளியே வந்தார். துறைமுகத்துச் சட்டை. புருவம் வரை தொப்பி. வாய் நிறையப் பல்.

தும்மல் மெத்தைக்கு மேலாகத் தலையை நீட்டிப் பார்த்தான். படத்தில் பார்த்த தொப்பி. அதற்குக் கீழே சாம்பல் கறை இருந்த இடத்தில் காலுறை துவைத்தவரின் முகம். பல் மட்டும் புதுசு.

"வா தம்பி" என்றார் பூட்டு. "அவரு வர்றதுக்குள்ள ஏத்திடலாம். நான் இதுல படுத்தா திட்டுவாரா?"

அந்த நிமிஷம் மெத்தை தன்னைச் சுவரோடு சுவராக அழுத்திக் கொன்றுவிட்டால் தேவலை என்று தும்மலுக்குத் தோன்றியது. மெத்தை அந்த உதவியைச் செய்யவில்லை. மெதுவாக நெகிழ்ந்து கொடுத்தது. அவர்களும் மேலே போய்ச் சேர்ந்தார்கள்.

கட்டிலில் போட்டதும் பாதி மெத்தை தரையில் மடிந்து கிடந்தது. அப்பாவின் முகம் வெளுத்தது. இடுப்பிலிருந்து கயிற்றை எடுத்துக் கட்டிலில் வைத்துப் பார்த்தார். முடிச்சு கட்டிலைத் தாண்டிப் போய்த் தொங்கியது. பிறகு கயிற்றை விரலால் தடவிக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் நின்றார். முடிச்சு போட்டு அவிழ்த்த இடத்தில் கயிறு நசுங்கிச் சுருண்டு, கடித்த தடம் பதிந்திருந்தது. அந்தத் தடம் கட்டிலின் கால்மாட்டுக் கம்பியில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது.

"மொதல்ல சரியாத்தான் போட்டிருக்க. அப்புறம் அவுத்திருக்க. ஏன்டா?"

தும்மல் தரையைப் பார்த்தான். "அவரு இதவிடப் பெருசா இருப்பாருன்னு நெனச்சேன்."

அப்பாவுக்குக் கை ஓங்கவும் வரவில்லை, சிரிக்கவும் வரவில்லை. பூட்டுதான் மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார்.

"எனக்கும் ஆசதான் தம்பி. எங்கம்மாகிட்டயும் சொல்லிப் பாத்தேன். இதுக்கு மேல வளத்துக் குடுக்க முடியாதுன்னுட்டாங்க."

அக்கா சிரித்துவிட்டாள். சிரித்த கையோடு, "இவனும் கீப்பர்தான்னு சொல்லிக்கிட்டுத் திரியறான். தலகாணிய வயித்துல கட்டிக்கிட்டு விழுவான்" என்று போட்டும் கொடுத்தாள்.

"தெரியும். எங்கிட்ட ஏற்கெனவே சொல்லியாச்சு" என்றார் பூட்டு. "நாளைக்குக் காலையில வா. பாப்போம்." அப்பாவின் பக்கம் திரும்பி, "பஞ்சு ரொம்ப நல்லா இருக்குங்க. கட்டிலுக்கு உண்டானத வெட்டிக் குடுங்க. மிச்சத்தத் தூக்கிப் போட்டுராதீங்க, எனக்கு வேணும்" என்றார்.

அன்று ராத்திரியே மெத்தை கடைக்குத் திரும்பி வந்தது. தும்மல் உட்கார்ந்து, தான் பிடித்த ஊசித் தையலையெல்லாம் தானே பிரித்தான். அப்பா பஞ்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினார். ஒன்று கட்டிலுக்கு. மிச்சம் தடியான ஒரு குட்டி மெத்தை. அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் குட்டி மெத்தையைத் தலையில் சுமந்துகொண்டு மைதானத்துக்குப் போனான். பூட்டு அதைக் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் போடச் சொன்னார். அதன் மேல் பாய்ந்து விழுந்து பார்த்தார். முதுகைத் தடவினார். மறுபடி விழுந்தார். "இதத்தான் இத்தன நாளாத் தேடிக்கிட்டிருந்தேன்" என்றார்.

பிறகு தும்மலை நிற்க வைத்தார்கள். எதிரே பந்தோடு பூட்டே நின்றார். கனவில் வந்த அதே மைதானம், அதே ஆள். காலை வெயிலில், அவர் விழுந்து எழுந்த மெத்தையிலிருந்து பஞ்சுத் தூசு மினுமினுவென்று மிதந்து வந்தது. தும்மலுக்கு மூக்கு அரிக்கத் தொடங்கியது. முதல் பந்து அவன் தும்மும்போது உள்ளே போனது. இரண்டாவது, அடுத்த தும்மலுக்கு மூச்சு இழுக்கும்போது. மூன்றாவதை நிஜமாகவே பிடித்தான், மூக்கால். ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே, "புடிச்சிட்டேன்ணே" என்றான்.

"புடிச்ச" என்று ஒப்புக்கொண்டார் பூட்டு. கைக்குட்டையை நீட்டி, பக்கத்தில் உட்கார வைத்தார். "தம்பி, மனசுல ஒண்ண வச்சுக்கிட்டு உன்கிட்ட ஒண்ணச் சொல்ல மாட்டேன். உனக்குக் கீப்பர் வேல ஆகாது. ஆனா மெத்தய எடுத்துக்கிட்டு வாரா வாரம் வந்துடு. நீ வந்தாத்தான் அது வரும்."

துறைமுகத்து அணியில் அந்த வீட்டிலிருந்து ஒருவருக்கு இடம் கிடைத்துவிட்டது. மெத்தைக்கு. தும்மல் அதைப் பல வருஷம் தலையில் சுமந்து போனான். கிழிந்தால் தைத்தான், அமுங்கினால் பஞ்சு மாற்றினான். பூட்டு ஆட்டத்தை விட்டபோது மைதானத்தில் போய் அழுதான். பார்த்தவர்கள் தூசு என்று நினைத்துக்கொண்டார்கள்.

இப்போது கடை தும்மலுடையது. மீசை நரைத்துவிட்டது. மூக்கில் துணி கட்டிக்கொண்டு வேலை பார்க்கிறார். பெயர்ப் பலகையிலேயே தும்மல் மெத்தைக் கடை என்று எழுதியாகிவிட்டது. டேப் வந்தும் கயிறுதான். சரக்கு திரும்பி வந்தது அந்த ஒரு தடவைதான் என்று தானே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். போன மாதம் வரை அது உண்மை.

போன மாதம் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரிக்குக் கயிறோடு போனார். துணிச் சுருளுக்குள் அது கண்ணை மூடிக்கொண்டு கொட்டாவி விட்டது. அவ்வளவுதான், தாத்தா சொக்கிப்போனார். வீட்டுக்கு வந்து மூன்று நாள் யாரையும் கிட்டே விடாமல் தானே பஞ்சு அடித்து, தானே உறை தைத்து, தொட்டிலுக்கு மெத்தை செய்தார். தோளில் சுமந்துகொண்டு போய் மகள் வீட்டில் விரித்தார்.

மகள் தொட்டிலைப் பார்த்தாள். மெத்தையைப் பார்த்தாள்.

"அப்பா, இது யாருக்கு?"

"யாருக்கா? என் பேத்திக்கு."

"இதுல இவ படுத்து வளந்து வேலைக்கே போயிடலாம்."

துணைக்கு வந்திருந்த அக்கா கட்டிலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். "அன்னைக்குப் பூட்டு, இன்னைக்கு இவளா? கயித்தக் காட்டு. அவுத்த தடம் இருக்கான்னு பாக்கறேன்."

இருந்தது.

"சரி சரி, மறுபடி எடுக்கறேன்" என்று தொட்டிலின் மேல் குனிந்து கயிற்றை நீட்டினார். நுனி குழந்தையின் உள்ளங்கையில் பட்டதும் விரல்கள் மூடிக்கொண்டன. மெல்ல இழுத்துப் பார்த்தார். விடவில்லை. முடிச்சுப் போடக் கயிறு வேண்டும், கயிறு வேண்டுமென்றால் அவள் விட வேண்டும். அவசரம் ஒன்றும் இல்லை என்று குனிந்தபடியே நின்றார். மூக்கு அரித்தது. அதையும் அடக்கிக்கொண்டு நின்றார்.